விதைத்தினை: கூதிர்க்கால இல்லங்களும் கொடையும்

நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது, கடையெழு வள்ளல்களைப் பற்றி எழுதினால் பொருத்தமாக இருக்கும் என நண்பர் சிலர் கருதினர். எனக்கு அதில் மனம் செல்லவில்லை. முல்லைக்குத் தேர் ஈந்தவனையும் மயிலுக்குப் போர்வை ஈந்தவனையும் மேடைதோறும் பாடியும் பேசியும் ஆயிற்று. சில ஆண்டுகளுக்கு முன், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு கார்த்திகை மாதத்துப் பிற்பகலில் வகுப்பில் புறநானூறு நடத்திக்கொண்டிருந்தேன். மாணவி ஒருத்தி எழுந்து, "அம்மா, அந்தக் காலத்தில் ஏழைகள் யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்கவே இல்லையா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. அன்று நான் சொன்ன விடை அரைகுறையானது. அதனை இங்கே சற்று நிறைவாகச் சொல்ல முயல்கிறேன்.

முதலில் பருவத்தைப் பற்றிச் சில சொற்கள். பனி உறைந்து நிலம் மூடும் குளிர்காலம் தமிழ்நிலத்துக்கு இல்லை. நம் குளிர் ஈரக்குளிர். வடக்கிலிருந்து வரும் வாடையும், வடகிழக்குப் பருவமழையும் கொண்டுவரும் குளிர். தொல்காப்பியம் கூறும் ஆறு பெரும்பொழுதுகளை உரையாசிரியர்கள் ஆவணியில் தொடங்கி இரண்டிரண்டு திங்களாகப் பகுத்துக் காட்டுவர். அவ்வகையில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. கூதிரையும் முன்பனியையும் அகப்பாட்டு பிரிவுத் துயரோடும் யாமத்துக் கூட்டத்தோடும் பொருத்திப் பாடியது. அதனாலேயே அப்பருவத்தின் அடுக்களையை நாம் காணத் தவறினோமோ என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு.

அடுக்களையில் அப்பருவம் எப்படி இருந்திருக்கும்? புன்செய் நிலத்தின் வேளாண்மைச் சுழற்சியைக் கபிலர் பறம்பு நாட்டை நினைந்து பாடிய 120ஆம் புறப்பாட்டில் வரிசையாகச் சொல்கிறார்: வெப்பம் மிகுந்த செம்மண் நிலத்தில் பெய்த மழையின் ஈரத்தில் உழுது விதைத்தல், களை பறித்தல், வரகு முற்றுதல், தினை அரிதல், எள் கறுத்தல், அவரை கொய்தல். நன்செய்யில் சம்பா அறுவடை தைத் திங்களில்தான். ஆகவே ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று திங்களும் பழைய விளைச்சல் குதிரின் அடியைத் தொட்டுவிட்ட, புதிய விளைச்சல் இன்னும் வீடு வந்து சேராத காலம். விறகு நனைந்திருக்கும். வேட்டைக்கும் மீனுக்கும் போக இயலாது. கூரை ஒழுகும். குளிரும் பசியும் ஒரே வாயில் வழியே வீட்டுக்குள் நுழையும் பருவம் இது.

நெடுநல்வாடை இப்பருவத்தைப் பாடிய நூல். நக்கீரர் இயற்றிய 188 அடிகள். வீட்டை விட்டு மேட்டுநிலம் சேர்ந்த கோவலர் கைகளை நெருப்பில் காய்ச்சிக்கொண்டு பற்கள் நடுங்க நிற்பதையும், மாடங்களில் விசிறிகள் சிலந்திக்கூடு படியத் தொங்குவதையும், குறுகிய வாய்க் கலங்களின் தண்ணீரை வெறுத்து மாந்தர் அகன்ற வாயையுடைய தடாக்களில் தீ மூட்டிச் சூழ்ந்திருப்பதையும் அது நுணுகிக் காட்டுகிறது. ஆயினும் அது பெரும்பாலும் செல்வர் மாடத்துக் குளிர். சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடப்பதுதான் அங்கே குறை. கோவலரின் குளிர் சில அடிகளோடு நின்றுவிடுகிறது.

எளியோர் குளிரைக் காண வேண்டுமாயின் உடையைப் பார்க்க வேண்டும். பொருநராற்றுப்படையில் கரிகாலன் முன் வந்து நின்ற பொருநனின் உடை, வேறு வேறு நூலால் தைத்துத் தைத்துத் தன் சொந்த நூலை இழந்த கந்தல். வேர்வையில் நனைந்து ஈரும் பேனும் குடியேறியது. அதை நீக்கிவிட்டு அரசன் பாம்புரி போன்ற மெல்லிய ஆடை அளித்தான் என்று புலவர் மகிழ்கிறார். நான் அந்தக் கந்தலையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தத் தையல்கள் எத்தனை கூதிர்களைக் கடந்தவை! புறநானூற்று 326ஆம் பாட்டில் பருத்தி நூற்கும் பெண் ஒருத்தி வருகிறாள். நள்ளிரவில் காட்டுப்பூனைக்கு அஞ்சிய கோழி அலறும்போது, அவள் எழுந்து ஏற்றிய சிறு விளக்கின் ஒளியில்தான் அக்கோழி அச்சம் தணிகிறது. இரவிலும் நூற்றவள் அவள். அச்சிறு விளக்குக்கும் எண்ணெய் வேண்டுமே என்று நினைக்கும்போது அவ்வீட்டுச் சிக்கனம் எனக்குப் புலனாகிறது.

இனி உணவு. பெருஞ்சித்திரனார் குமணனைப் பாடிய 159ஆம் பாட்டில் வயது முதிர்ந்த தாயும், பல பிள்ளைகள் பிடுங்கித் தின்ன மெலிந்த மனைவியும் வருகின்றனர். குப்பைமேட்டில் முளைத்த கீரையை, முன்பு கொய்த இடத்திலேயே மறுபடி துளிர்த்த முற்றாத தளிரை, மனைவி பறித்து வருகிறாள். உப்பில்லை, மோரில்லை, சோறு என்பதையே மறந்து வெறும் கீரையை வேகவைத்து உண்கிறார்கள். முற்றும்வரை காத்திருக்கப் பசி விடவில்லை என்பது அந்த ஒரு குறிப்பிலேயே விளங்குகிறது. 160ஆம் பாட்டில் பசித்த மகன் வெறும் கலங்களைத் திறந்து பார்த்து அழுகிறான். தாய் புலியைச் சொல்லி அச்சுறுத்தியும் நிலவைக் காட்டியும் அவனை ஆற்றப் பார்க்கிறாள். 164இல் பெருந்தலைச் சாத்தனாரின் வீட்டு அடுப்பில் காளான் பூத்திருக்கிறது. இவற்றில் பருவம் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆயினும் குப்பைக் கீரை மறுபடி மறுபடி துளிர்ப்பதும் அடுப்பில் காளான் முளைப்பதும் ஈரக்காலத்துக் காட்சிகள் என்பதை மழைக்காலத்தில் மண்வீட்டில் இருந்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

சிறுபாணாற்றுப்படையின் பாணர் மனையும் இதே வறுமைதான். குட்டி ஈன்ற நாய் பாலின்றிக் குரைக்கும் அடுக்களையில், நகத்தால் கிள்ளிய வேளைக்கீரையை உப்பின்றி வேகவைத்த கிணைமகள், புறங்கூறுவோர் பார்த்துவிடுவார்களே என்று நாணிக் கதவை அடைக்கிறாள். பலரும் இந்த நாணத்தை எடுத்துரைப்பர். அடுத்த செய்தியை அவ்வளவாகச் சொல்வதில்லை: அடைத்த கதவுக்குள் அவள் தனியே உண்ணவில்லை; பெரிய சுற்றத்தோடு ஒருங்கிருந்து உண்கிறாள். ஒரு பிடிக் கீரை எத்தனை பேருக்கு என்று கணக்குப் பார்த்தால் அங்கே சிக்கனமும் ஈகையும் வேறு வேறு செயல்களாக இல்லை.

இப்போது மாணவியின் வினாவுக்கு வருகிறேன். குமணனிடம் பரிசில் பெற்று மீண்ட பெருஞ்சித்திரனார் தம் மனைவிக்குச் சொன்னதாக அமைந்தது 163ஆம் பாட்டு. உன்னை விரும்பியவர்க்கும் கொடு, நீ விரும்பியவர்க்கும் கொடு, சுற்றத்தார்க்கும் கொடு, பசித்த நாளில் நமக்குக் குறியெதிர்ப்பை தந்தவர்க்கும் கொடு, இன்னார்க்கு என்று பார்க்காதே, என்னையும் கேட்காதே, இதை வைத்துச் செட்டாக வாழ்வோம் என்று எண்ணாதே, எல்லார்க்கும் கொடு என்கிறார். குமணனின் கொடைக்குச் சான்றாகவே இதனை வகுப்பில் நடத்துகிறோம். ஆனால் இப்பாட்டின் பெரும் பகுதி குமணனைப் பற்றியதன்று; ஓர் ஏழைத்தெருவின் கொடுக்கல் வாங்கலைப் பற்றியது. பரிசில் வருமுன் இந்தக் குடும்பத்தை உயிரோடு வைத்திருந்தவர் யார்? குறியெதிர்ப்பை தந்த அண்டைவீட்டார். அவர்களும் பசித்தவர்களே.

குறியெதிர்ப்பை என்பது அளவு குறித்து வாங்கி, வாங்கிய அளவே திருப்பித் தருவது. வறியார்க்கு ஈவதே ஈகை, ஏனையவை குறியெதிர்ப்பையின் தன்மையுடையன என்னும் பொருளில் வள்ளுவர் ஈகை அதிகாரத்தின் முதற் குறளில் இச்சொல்லை ஆள்கிறார். வள்ளுவரோடு முரண்படும் துணிவு எனக்கில்லை. ஆயினும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தன் வீட்டிலும் நாளைக்கு இல்லை என்று தெரிந்திருந்தும், திரும்பி வருமா என்பது தெரியாமலே, கார்த்திகை மழையில் ஓர் உழக்கு வரகை அளந்து கொடுத்தவளை ஈகையின் எல்லைக்கு வெளியே நிறுத்த என் மனம் ஒப்பவில்லை. எங்கள் ஆச்சி வீட்டில் இதற்குக் கைமாற்று என்று பெயர். ஐப்பசி பிறந்துவிட்டால் பின்கட்டு வாசலில் உழக்கோடு யாராவது நிற்பார்கள். ஆச்சி தலைதட்டி அளந்து கொடுப்பாள். திரும்பி வரும்போது அது கோபுரம் கட்டி வரும். கூம்பிய அந்த மிச்சத்தை ஆச்சி தன் பானையில் போட்டதில்லை. அதற்கெனத் தனியே ஒரு கலயம் இருந்தது. அன்றாடம் உலையில் இடுமுன் எடுத்துவைக்கும் பிடியரிசியும் அதில்தான் விழும். கேட்டு வருகிறவர்க்கு அந்தக் கலயம். தன் சோற்றில் ஒரு பிடி குறைத்து உண்டவளை ஊரார் கஞ்சத்தனம் பிடித்தவள் என்று சொன்னதும் உண்டு. நானும் சிறுமியாய் இருந்தபோது அப்படித்தான் நினைத்தேன்.

புறநானூற்றின் பிற்பகுதியில் சீறூர் மன்னரைப் பற்றிய பாட்டுகள் சில உள்ளன. மன்னர் என்பது பெயரளவில்தான். வரகு வைக்கோலால் வேய்ந்த வீடு, ஓரிரு எருது, சிறிது புன்செய், ஒரு பழைய வாள்: இவையே அவர்களின் உடைமை. 316ஆம் பாட்டில் அத்தகைய ஒருவன், நேற்று வந்த விருந்தினருக்காகத் தன் பழவாளைப் பணையம் வைத்துவிட்டான். இன்றைய விருந்துக்குச் சிறிய யாழ் பணையமாகப் போகிறது. 327இல் வருபவனின் நிலை இன்னும் துல்லியமானது. எருதுகளைப் பூட்டி மிதிக்கச்செய்யும் அளவுக்குக்கூட விளைச்சல் இல்லை. இளைஞர் காலால் மிதித்தே வரகைப் பிரித்தெடுக்கிறார்கள். முதலில் கடன்காரர் அளந்து கொள்கிறார்கள். எஞ்சியதைப் பசித்த பாணர் உண்டு செல்கிறார்கள். பிறகு தன் சுற்றத்தின் பசிக்கு, அதே ஊரின் எளிய மனிதரிடம் சென்று முகமன் கூறி வரகு கடன் கேட்கிறான் அந்த நெடுந்தகை. ஒரு சிறு களத்து வரகின் வரவுசெலவை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பழைய ஆவணம் வேறொன்றை நான் அறியேன்.

இவற்றுள் என்னை நெடுநாள் உறங்கவிடாதது 333ஆம் பாட்டு. மழைத்துளி விழுந்து நீரில் எழும் குமிழியைப் போன்ற கண்களையுடைய குறுமுயல்கள், ஊர்ப்புதரில் துள்ளித் திரியும் காட்சியோடு அது தொடங்குகிறது. வரகும் தினையுமாக வீட்டில் இருந்தவை எல்லாம் இரவலர் உண்டும் கொண்டும் தீர்ந்துபோயின. மனையாள் குறியெதிர்ப்பைக்கு முயல்கிறாள், கிடைக்கவில்லை. அப்போது விதைக்கென்று கதிரோடு உலரவைத்திருந்த தினையை எடுத்து உரலில் இட்டுக் குற்றுகிறாள். வந்தவர் உண்ணாமல் போகக்கூடாது.

விதையை உண்பது என்றால் என்ன என்பதை உழவர் குடியில் பிறந்தவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. ஆச்சி வீட்டில் விதைநெல்லை வைக்கோற்புரி சுற்றிக் கோட்டையாகக் கட்டிச் சாணம் மெழுகி வைத்திருப்பார்கள். எத்தனை பசியானாலும் அதில் கை வைக்கக்கூடாது. இன்றைய பசிக்கு வரும் ஆண்டின் பசியை விலையாகக் கொடுப்பதாகும் அது. 333ஆம் பாட்டின் பெண் அந்த எல்லையைக் கடக்கிறாள். தன் குழந்தைக்காக அன்று, வாயிலில் நிற்பவனுக்காக.

இதைக் கண்டு நெகிழ்வதோடு நிறுத்திக்கொள்ள வரலாற்று நோக்கு இடந்தராது. இதே பாட்டின் இறுதி, அவள் கணவன் தரும் பரிசிலைச் சொல்கிறது: அவன் கொண்டு வந்தது. அதாவது, போரில் கவர்ந்தது. அந்த வீட்டின் பொருளாதாரத்தில் விதையைவிட வாள் மேல் நம்பிக்கை அதிகம். ஆநிரை கவர்தலும் கொள்ளையும் உள்ள சமூகத்தில் விதைத்தினையைக் குற்றிவிடும் துணிவுக்கு அப்படியும் ஒரு காரணம் இருந்திருக்கலாம். அவளது ஈகையை இது சிறிதாக்குகிறதா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். வாள் அவள் கையில் இல்லை, உலக்கைதான் இருந்தது.

இந்தப் பாட்டுகள் மேடை ஏறாமைக்கு ஓர் எளிய காரணமும் உண்டு. உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது அவருக்குக் கிடைத்த பழைய உரை 266 பாட்டோடு நின்றுவிட்டது. 316, 327, 328, 333 ஆகிய யாவும் அந்த எல்லைக்கு அப்பால் உள்ளவை. சில அடிகள் சிதைந்தும் உள்ளன. ஔவை துரைசாமிப் பிள்ளை உரை எழுதிய பின்னரும், பாடத்திட்டம் வகுப்போர் முன்பகுதியிலேயே தங்கிவிட்டனர். வேந்தர் முன்னே வந்தனர். குற்றிய தினை பின்னே போயிற்று.

பேகனைப் பற்றியும் ஒரு சொல். குளிரால் நடுங்கும் என்று மயிலுக்குப் படாம் போர்த்தினான் வையாவிக் கோப்பெரும்பேகன். மயில் அதை உடுக்காது, போர்க்காது என்று தெரிந்தே கொடுத்தான் எனப் பரணர் 141இல் பாராட்டுகிறார். அதே பரணர் 145இல், யாம் பசித்து வரவில்லை, எமக்குச் சுற்றத்தின் சுமையும் இல்லை, இன்றிரவே தேரேறிச் சென்று நின் மனைவியின் துயரைத் தீர்ப்பதே யாம் கேட்கும் பரிசில் என்கிறார். அவன் பிரிந்திருந்த கண்ணகிக்காகக் கபிலரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும்கூடப் பாடினார்கள். காட்டு மயிலின் நடுக்கத்தை உணர்ந்தவனுக்குத் தன் வீட்டின் நடுக்கத்தை உணர்த்த நான்கு புலவர் வேண்டியிருந்தது! புலவர்கள் பரிசிலை மறுத்து இதைக் கேட்டார்கள் என்பது, கவிஞர்கள் கூடியிருக்கும் நம் வட்டத்துக்குப் பெருமை தரும் செய்தி.

பாட்டுக்கு வெளியேயும் சான்று உண்டா என்று வரலாற்றாசிரியர் கேட்பர். மதுரையைச் சுற்றிய குன்றுகளில் சமணத் துறவியர்க்கென வெட்டிய கற்படுக்கைகள் உள்ளன. குகையின் நெற்றியில், மழைநீர் உள்ளே வழியாமல் வெளியே சொட்டும்படி காடி வெட்டியிருப்பார்கள். மழைத்திங்களில் ஊர் சுற்றாமல் ஓரிடத்தில் தங்குவது அத்துறவியரின் நெறி. அழகர்மலையில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில் இக்கொடைக்குப் பொருள் தந்தோர் பெயர்களைக் காணலாம். உப்பு வணிகன் இருக்கிறான். அறுவை வணிகன் இருக்கிறான். கொழு விற்பவன் இருக்கிறான். இவர்கள் வறியவர் அல்லர் எனினும் வேந்தரும் அல்லர். உப்பும் துணியும் ஏர்க்கொழுவும் விற்றுச் சேர்த்த காசில், மழையில் நனையாமல் ஒருவர் படுக்க ஒரு கல்லைச் சமமாக்கித் தந்தவர்கள். சம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட அதியமான் நெடுமானஞ்சியின் கல்வெட்டும் ஒரு பாழிக் கொடையையே சொல்கிறது. ஔவைக்கு நெல்லிக்கனி தந்தவனும், பெயர் தவிர வேறொன்றும் அறியப்படாத உப்பு வணிகனும் ஒரே வகைக் கொடையால் கல்லில் நிற்கிறார்கள்.

விதையைக் குற்றியவள் புறநானூற்றோடு மறைந்துவிடவில்லை. பல நூற்றாண்டுகள் கழித்து, இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் (1133-1150) சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் அவள் மறுபடி வருகிறாள். இளையான்குடி மாறநாயனார் புராணத்தை அடியார் பக்திக்கு எடுத்துக்காட்டாகவே கேட்டு வளர்ந்திருக்கிறோம். அதை ஒரு மழைக்கால வீட்டின் கதையாகப் படித்துப் பாருங்கள். நிலமெல்லாம் விற்றாயிற்று. பகல் முழுதும் உணவில்லை. இரவு, மழை, அடைத்த கதவு. கதவைத் தட்டிய அடியாரை மாறனார் உள்ளே அழைத்து ஈரத்தைத் துடைத்து இருக்கை தருகிறார். பிறகு மனைவியிடம், என் செய்வோம் என்கிறார். அவள் சொல்லும் விடை 333ஆம் பாட்டின் எதிரொலி போலவே இருக்கிறது: வீட்டில் ஒன்றும் இல்லை, அண்டையார் இனி உதவமாட்டார், பொழுதும் போயிற்று, பகலில் விதைத்த முளைநெல்லை வாரிக்கொண்டு வந்தால் சமைக்கலாம்.

கூடையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு, இருளில் காலால் வழி தடவி அவர் போகிறார். மழைநீரில் மிதந்த முளைநெல்லை வாரி வருகிறார். அவள் வாயிலிலேயே காத்து நின்று, வாங்கிச் சேற்றைக் கழுவுகிறாள். விறகில்லை என்கிறாள், அவர் கூரைக் கொம்புகளை வெட்டிப் போடுகிறார். நனைந்த நெல் குத்துப்படாது. ஆகவே அவள் அதை வறுத்துப் பின் குற்றி அரிசியாக்குகிறாள். கறிக்கு என்ன என்கிறாள். இன்னும் வளராத குழிப்பயிரைப் பறித்து வருகிறார். அந்த ஒன்றையே அவள் பல கறியாகச் சமைத்துவிடுகிறாள்.

சோழப் பேரரசின் செழிப்பில், அவைக்களத்தில் வாழ்ந்த சேக்கிழாருக்கு நெல்லை வறுக்க வேண்டும் என்பது எப்படித் தெரிந்தது? குப்பைக் கீரையின் மறுதுளிரைப் போலவே இதுவும் கண்டவர் மட்டுமே சொல்லக்கூடிய செய்தி. நான் இதில் கவனிக்கச் சொல்வது வேறொன்று. விதையை எடுக்கலாம் என்ற எண்ணம் நாயனாருடையதன்று, மனைவியுடையது. விறகு இல்லை என்று கண்டவளும் அவள். கறி இல்லை என்று கண்டவளும் அவள். தன் வீட்டில் எது எவ்வளவு இருக்கிறது என்று நாள்தோறும் அளந்து கைவசப்படுத்தியவளுக்கே, எதை எடுத்தால் இன்னும் ஒருவர்க்குச் சோறாகும் என்பது தெரியும். செட்டாக வாழ்வோம் என்று எண்ணாதே என்று பெருஞ்சித்திரனார் மனைவிக்குச் சொன்னாரே, பரிசில் வருமுன் அவளது செட்டுத்தான் அவரையும் அவர் தாயையும் பிள்ளைகளையும் காப்பாற்றியது என்பதை அவர் அறியாதவர் அல்லர். அறிந்ததனால்தான், என்னைக் கேட்காமலே கொடு என்று பொறுப்பை அவள் கையில் விட்டார் போலும். அவள் என்ன மறுமொழி சொன்னாள் என்பது பாட்டில் இல்லை.

இளையான்குடி இன்று சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. மாறநாயனாரின் குருபூசை ஆவணி மகத்தன்று நடைபெறுகிறது. உரையாசிரியர் கணக்கில் அது கார்ப்பருவத்தின் தொடக்கம். அவருடைய மனைவியின் பெயரைச் சேக்கிழார் சொல்லவில்லை. 333ஆம் பாட்டின் மனையாளுக்கும் பெயர் இல்லை. கேள்வி கேட்ட அந்த மாணவிக்கு இப்போது இருவரையும் சொல்லியாயிற்று.